மூன்று மாதமாக பீரியட்ஸ் இல்லை, எந்த டெஸ்ட் முதலில்?

கேள்வி: வயது 22. சீராக வந்துகொண்டிருந்தது, மூன்று மாதமாக இல்லை. முகப்பரு, முடி வளர்ச்சி எதுவும் கூடவில்லை. டயட்டில் 9 கிலோ குறைந்திருக்கிறேன். லேபில் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) டெஸ்ட் பேக்கேஜ் எடுத்தால் போதுமா? எள்ளுருண்டை சாப்பிட்டால் வந்துவிடும் என்கிறார் அம்மா.

பதில் 1: பேக்கேஜ் வேண்டாம். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணமாகாதவர்களுக்கும் அதுதான் முதல் படி, டாக்டர் கேட்டால் வருத்தப்படாதீர்கள். பிறகு ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டுக்கான டெஸ்ட்), புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), எஃப்எஸ்எச், எல்எச் (சினைப்பையை இயக்கும் ஹார்மோன்கள்), எஸ்ட்ரடயால் (பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை). அசிடிட்டிக்கு டோம்பெரிடோன் கலந்த மாத்திரை எடுத்தால் புரோலாக்டின் ஏறும், மறக்காமல் சொல்லுங்கள். முடிக்காக பயோட்டின் எடுத்தால் தைராய்டு அளவு தப்பாகக் காட்டலாம். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

பதில் 2: எனக்கு அந்த 9 கிலோதான் உறுத்துகிறது. சாப்பாடு போதாதபோது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும். எல்எச் இறங்கும், கருமுட்டை வெளிவராது, ஈஸ்ட்ரோஜன் குறையும், நீடித்தால் எலும்பு பலம் இழக்கும். இளவயதில் ஸ்கேனில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது சகஜம். அதை மட்டும் வைத்து பிசிஓடி என்று முடிவுகட்டி இன்னும் எடை குறைத்தால் நிலைமை மோசமாகும். டயட்டை நிறுத்துங்கள். எள்ளுருண்டை பீரியட்ஸை வரவழைக்காது, ஆனால் நல்ல கலோரி, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பதில் 3: மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். டாக்டர் தருவது பெரும்பாலும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் (புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மாத்திரை) 10 மி.கி., 5 முதல் 10 நாள். நிறுத்திய பிறகு ரத்தப்போக்கு வந்தால் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு இருக்கிறது. வராவிட்டால் குறைவாக இருக்கலாம். தலைவலியோடு பார்வை மங்கினாலோ மார்பில் பால் கசிந்தாலோ உடனே போங்கள்.