கிரனாடாவில் படிக்கப் போகிறவர்களுக்கு: அல்ஹம்ப்ரா, சாப்பாடு, குளிர்காலம்

ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் படிக்க வருகிற பலர் முதல் வாரமே, நஸ்ரி மரபு முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனை வளாகத்தின் வாசலுக்குப் போய், டிக்கெட் இல்லாமல் திரும்புகிறார்கள். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பல வாரங்கள் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். வகுப்பு அட்டவணை கைக்கு வந்ததும் அதிகாரபூர்வத் தளத்தில் போட்டுவிடுங்கள். பொது டிக்கெட்டில் அல்கசாபா கோட்டை, ஹெனெராலிஃபே தோட்டம், நஸ்ரி அரண்மனைகள் மூன்றும் அடங்கும்.

ஏமாற்றம் வருவது டிக்கெட்டில் உள்ள நேரத்தால்தான். அது வளாகத்துக்குள் நுழையும் நேரம் அல்ல, நஸ்ரி அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய நேரம். மேல் நுழைவாயிலிலிருந்து அங்கே போகவே கால் மணி நேர நடை. தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும், பிறகு உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட் அசலாகவே இருக்கட்டும், டிக்கெட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

டிக்கெட் ஃபோனில் இருந்தால் மேலே கவுண்டர் வரை ஏற வேண்டாம். பிளாசா நுவேவாவிலிருந்து கோமெரெஸ் ஏற்றத்தில் நடந்து, நீதி வாசல் வழியாக நேராக உள்ளே போகலாம். நடக்க முடியாதவர்களுக்கு சி30, சி32 பேருந்துகள் உண்டு.

* * *

உள்ளே எதைப் பார்ப்பது என்பதையும் சொல்ல வேண்டும். சிங்க முற்றத்தில் 12 சிங்கங்கள், 124 தூண்கள் என்று எண்ணிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்து மண்டபத்தைத் தாண்டி லிந்தரஹா மாடத்துக்குப் போங்கள். ஜன்னல்கள் வழக்கத்தைவிடத் தாழ்வாக இருக்கும். அன்று தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்தவர்களின் கண் உயரத்துக்கு வைத்தவை அவை. குனிந்து, அந்த உயரத்திலிருந்து சுவரைப் பாருங்கள். கீழே வண்ண ஓடு, அதற்கு மேல் சுண்ணச் சாந்தில் செதுக்கிய அரபு எழுத்து. அரண்மனை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் வரி, 'இறைவனையன்றி வெற்றியாளன் இல்லை' என்ற நஸ்ரி மரபின் வாசகம். அதை ஒரு சுவரில் அடையாளம் கண்டுவிட்டால் போதும், அடுத்த சுவர்களிலும் தானாகக் கண்ணில் படும். அரபு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதே வளாகத்தில் உள்ள ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையின் வட்ட முற்றத்துக்கு டிக்கெட் வேண்டாம். மாலை வகுப்பு இல்லாத நாளெல்லாம் போகலாம்.

அல்ஹம்ப்ராவுக்கு எதிர்க் குன்றில் இருக்கும் பழைய குடியிருப்பான அல்பைசினுக்கு ஷூ முக்கியம். ஆற்றுக் கூழாங்கல் பதித்த சந்துகள் அவை, மழை பெய்தால் வழுக்கும்.

* * *

சாப்பாட்டு விஷயம். இங்கே பல பார்களில் பானத்துக்கு ஒரு தாப்பா, அதாவது சிறு தட்டுத் தீனி, இலவசமாக வரும், அடுத்த பானத்துக்கு வேறொன்று வரும். மது வேண்டாம் என்றால் மோஸ்தோ கேளுங்கள், திராட்சைச் சாறுதான், அதற்கும் பெரும்பாலும் தாப்பா கிடைக்கும். காபிக்குக் கிடைக்காது.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை) வந்துவிடலாம், ஏனென்றால் பலர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்' என்று மூன்றையும் சொல்லுங்கள். சின் என்றால் 'இல்லாமல்', கார்னே இறைச்சி, ஹமோன் ஹாம், அதூன் சூரை மீன். பருப்புக் குழம்பான லெந்தெஹாஸில் சொரீசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி கிடக்கும், அவரை வகைப் பயறான ஆபாஸ் ஹாமோடுதான் வரும். நம்பிக் கேட்கலாம் என்றால் பெரென்ஹேனாஸ் கோன் மியெல்: பொரித்த கத்தரிக்காய்மேல் கரும்புப்பாகு.

மதிய உணவு 2 மணிக்குத்தான் தொடங்கும், இரவுச் சமையலறை எட்டரைக்கு முன் திறப்பது அரிது. சிறு கடைகள் 2 முதல் 5 வரை மூடியிருக்கும்.

* * *

வீடு பார்க்கும்போது வெயில் வருகிற அறையா என்று பாருங்கள். ஊர் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சியெரா நெவாடாவின் அடியில் இருக்கிறது. ஜனவரி இரவில் நடுங்க வைக்கும். மைய வெப்பமூட்டல் இல்லாத பழைய வீடுகள் நிறைய. அங்கே வட்ட மேசைக்கடியில் பிராசெரோ என்ற மின்கணப்பு வைத்து, தரை தொடும் கனத்த துணியைப் போட்டிருப்பார்கள். துணிக்குள் காலை நீட்டிப் படிக்கலாம். துணியோ சாக்ஸோ கணப்பில் படாமல் இருக்க வேண்டும். எழும்போது அணைத்துவிடுங்கள், இதனால் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன.

ஒப்பந்த மின்திறன், அதாவது வீட்டில் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவு, எத்தனை கிலோவாட் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 3.45 என்றால் ஹீட்டர், ஓவன், வாஷிங் மெஷின் மூன்றையும் சேர்த்துப் போட்ட உடனே கரண்ட் போகலாம். ஃபியூஸ் பெட்டியில் எதுவும் விழாமலே இருட்டாகிவிட்டால், வெட்டியது மீட்டர். கருவிகளை அணைத்து, மெயின் சுவிட்சை இறக்கிச் சில விநாடி கழித்து ஏற்றினால் வந்துவிடும்.

சமையலும் வெந்நீரும் கேஸில் என்றால் ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டர், 12.5 கிலோ வாயு. காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரப்பியது தருவார்கள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.