புது எஸ்யூவி: காலைக் குளிரில் சத்தம், கோவை இறங்கினால் இல்லை. மலையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

அரவேனு கவிதா:

எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்ததும் டெலிவரி எடுத்த வண்டி. 4 மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்யூவி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை, அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீடு அரவேனுவிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே. வேலை குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். தினமும் கோத்தகிரி, கட்டபெட்டு, வண்டிச்சோலை வழியாகப் போய் வருகிறேன். அப்பாவின் கண் சிகிச்சைக்காக அவ்வப்போது குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வரை போவதும் உண்டு.

வண்டி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்த சின்னக் கார், நாலு பேர் உட்கார்ந்தால் குஞ்சப்பனை ஏற்றத்தில் ஏசியை அணைத்தால்தான் நகரும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். இது வளைவை இரண்டாவது கியரில் திரும்பி மூன்றாவது போட்டால் அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளாமல் சில நொடி தானே பிடித்துக்கொள்கிறதே, அது ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

பிரச்சினை சத்தம்தான். காலை ஏழு மணிக்கு முற்றத்திலிருந்து ரிவர்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால், இடது முன்சக்கரத்துக்கு மேலே 'டொய்ங்' என்று கம்பி துள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்டீயரிங்கில் கையிலும் தெரிகிறது. அப்புறம் தோட்டத்துப் பாதையின் குழிகளில் மெதுவாக இறங்கும்போது அதே இடத்தில் 'டொக், டொக்'. வேகமாகப் போனால் இல்லை. பத்து மணி வெயில் ஏறினால் பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, டாஷ்போர்டில் இடது ஓரத்து ஏசி வென்ட் பக்கம் 'கிர்க் கிர்க்'. அம்மா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நிற்கிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. மூன்றாவது, காலையில் முதல் பிரேக் மிதிக்கும்போது 'சர்ர்ர்' என்று தேய்கிற சத்தம். இது தவிர, இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரும்போது ஒரு 'ஊம்' என்ற இரைச்சல்.

கோவையில் வாங்கிய இடத்திலேயே முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு விட்டேன். மத்தியானம் போன் வந்தது: 'மேடம், ஓட்டிப் பார்த்துவிட்டோம், எந்தச் சத்தமும் இல்லை.' அங்கே 34 டிகிரி வெயில், தார் ரோடு. எப்படிச் சத்தம் வரும்? இன்னொரு தடவை போனபோது 'மலையில் ஓடுகிற வண்டி அப்படித்தான் இருக்கும்' என்றார்கள். அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கீழே இருப்பவர்கள் கொடுத்த அதே விலையைத்தானே நானும் கொடுத்தேன்?

இதில் எது சாதாரணம், எதை விடக்கூடாது? இவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

குன்னூர் பிரபு:

மேடம், புது வண்டி. ஒரு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், எல்லாம் தானாக செட் ஆகிவிடும். என் வண்டியிலும் ஆரம்பத்தில் டிக்கிப் பக்கம் லொட லொட என்று இருந்தது, இப்போது காது பழகிவிட்டது.

மேட்டுப்பாளையம் செல்வம்:

பிரபு தம்பி, என்ஜின், கியர் இதெல்லாம் ஓடஓட செட் ஆகும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். சஸ்பென்ஷனில் வருகிற சத்தம் ஓடினால் குறையாது, கூடத்தான் செய்யும். காது பழகுவதற்குள் வாரண்டி முடிந்துவிடும்.

கவிதா, நான் முப்பது வருஷத்துக்கு மேல் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவன், இப்போது பட்டறையைப் பையன் பார்க்கிறான். நீங்கள் சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியதே பாதி வேலையை முடித்துவிட்டது. பெரும்பாலானவர்கள் 'வண்டியில் சத்தம் வருகிறது' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். ஜாப் கார்டிலும் (சர்வீஸில் நம் புகாரை எழுதும் சீட்டு) அப்படியே 'நாய்ஸ்' என்று ஒரு சொல்தான் ஏறும். அதை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் ஒன்றும் தேட முடியாது.

முதலில் பிரேக். அதை விட்டுவிடுங்கள். ராத்திரி மூடுபனியில் நின்றால் டிஸ்க் மேல் மெல்லிய துரு படியும். இரும்பு, அவ்வளவுதான். மூன்று நாலு தடவை மிதித்ததும் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். அதற்குப் பிறகும் தேய்கிற சத்தம் நிற்கவில்லை என்றால் அப்போது கவலைப்படலாம். நீங்கள் போகிற ஜல்லிப் பாதையில் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் சிக்கிக்கொள்வதும் உண்டு. அது காது கூசுகிற மாதிரி விடாமல் கிறீச்சிடும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பல சமயம் தானே விழுந்துவிடும்.

'டொய்ங்' சத்தத்தை விடாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே இருக்கும் மவுண்ட் (அதை பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கி) அல்லது அதிலுள்ள பேரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் அந்த பேரிங்கின் தயவில் வழுக்கிக்கொண்டு சேர்ந்து திரும்ப வேண்டும். பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முதலில் முறுக்கிக்கொண்டு நிற்கும், அப்புறம் ஒரே துள்ளாகத் துள்ளும். அதுதான் உங்கள் கையில் தெரிகிற அதிர்வு. குளிரில் கிரீஸ் கெட்டியாகும், ரப்பரும் விறைக்கும், அதனால் காலையில் அதிகம். கோவை வெயிலில் ரப்பர் இளகிவிட்டால் அடங்கிவிடும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அங்கே உண்மையிலேயே கேட்டிருக்காது.

சோதிக்க வழி இருக்கிறது. காலையில், வண்டி குளிர்ந்து நிற்கும்போது, சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். ஒருவர் உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பட்டும். விஷயம் தெரிந்த ஒருவர் வெளியே நின்று பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் விரலை வைத்தால் போதும். நன்றாக இருந்தால் வழவழவென்று போகும். கெட்டிருந்தால் விரலுக்கே குதிப்பது தெரியும். சக்கரத்துக்குள்ளே கையை விட வேண்டாம், அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

குழியில் வருகிற 'டொக் டொக்' அதே மவுண்ட்டாகவும் இருக்கலாம், ஸ்டெபிலைசர் லிங்க்காகவும் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் துண்டு) இருக்கலாம். மெதுவாகப் போகும்போது, அதுவும் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வந்தால் லிங்க்கைப் பாருங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்களையும் ஒரு தடவை முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புது வண்டியில் சத்தத்துக்குக் காரணம் போல்ட்டில் முறுக்குக் குறைவு மட்டும்தான் என்று முடிந்த வேலைகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூடலூர் ரஷீத்:

செல்வம் அண்ணன் சொல்வதோடு டாஷ்போர்டுக்கு மட்டும் நான் சேர்க்கிறேன். என்னிடமும் இதே அளவு வண்டிதான், வேறு கம்பெனி. காலையில் கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும்போது பைக்காரா வரைக்கும் ஒரே கிர்க் கிர்க். திரும்பி வரும்போது இருக்காது.

பிளாஸ்டிக் குளிரில் சுருங்கும், கண்ணாடியும் தகடும் அந்த அளவுக்குச் சுருங்காது. ஒட்டியிருந்த இடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், இரண்டு விளிம்பும் உரசத் தொடங்கும். அம்மா கை வைத்தால் நிற்கிறது என்றீர்களே, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். எனக்கு வென்ட்டைக் கழற்றி, கிளிப் உட்காரும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டினார்கள். கால் மணி நேர வேலை. நீங்களே கழற்றாதீர்கள், கிளிப் உடைந்தால் வாரண்டி இல்லை என்பார்கள்.

கதவுப் பக்கம் கீச்சிட்டால் விளிம்பில் ஓடும் பீடிங் ரப்பரைத் துடைத்து சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

மூன்று சிலிண்டர் என்பதால் ஒன்று. 1,200 ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு) மூன்றாவது கியரில் ஏற்றத்தை இழுக்கவிட்டால் வண்டி முழுக்க நடுங்கும், டாஷ்போர்டில் இருக்கிற எல்லாம் சேர்ந்து பேசும். 2,000க்கு மேல் வைத்து ஓட்டுங்கள், பாதி சத்தம் காணாமல் போகும். டர்போ விசில் மேலே ஏறஏறக் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். உயரத்தில் காற்று லேசு, அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழல வேண்டும். அது கோளாறு இல்லை.

ஊட்டி ஜோசப்:

இறக்கத்தில் வருகிற 'ஊம்' பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டாவது கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து இறக்கும்போது இரைச்சல் இருக்கத்தான் செய்யும். ஏறும் கியரில் இறங்கு என்று இங்கே எல்லோரும் சொல்வதும் அந்தப் பிடிப்புக்காகத்தான். ஆனால் வீல் பேரிங் போனாலும் 'ஊம்' வரும். வித்தியாசம் கண்டுபிடிக்க, கோவை ரோட்டில் சமதளத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். கியர் மாறினால் சத்தமும் மாறுகிறது என்றால் என்ஜின். வேகத்தை மட்டும் ஒட்டி வந்தால், அதுவும் லேசாக இடது வலது திருப்பும்போது கூடிக் குறைந்தால், பேரிங் அல்லது டயர். தயவு செய்து இந்தச் சோதனைக்காக மலை இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், க்ளட்ச்சை மிதித்துக்கொண்டும் வராதீர்கள். பிரேக் மட்டும் தாங்காது.

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். யார்டில் நிற்கும் வண்டிகளுக்கு டயர் சப்பிப்போகாமல் இருக்கக் காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பார்கள். டெலிவரியில் குறைக்க மறந்தால் டயர் கல்லாக இருக்கும், குழிச் சத்தம் முழுக்க உள்ளே வரும். டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுதான் சரி.

நிறைய பேர் மலை ஏறினால் காற்றைக் குறைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் 12 டிகிரியில் காற்று அளக்கும் கேஜ் கிட்டத்தட்ட அதே 33தான் காட்டும். குளிரில் டயருக்குள் மூன்று மூன்றரை பிஎஸ்ஐ குறையும். வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். கேஜ் காட்டுவது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான். அதனால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள்.

அரவேனு கவிதா:

எல்லோருக்கும் நன்றி. செல்வம் அண்ணா, உங்கள் பதிலை அப்படியே அச்சடித்து எடுத்துக்கொண்டேன்.

காற்று நாலு சக்கரத்திலும் ஸ்டிக்கரில் இருந்ததைவிட அதிகமாகத்தான் இருந்தது. குறைத்ததும் தோட்டத்துப் பாதையில் வண்டி மெத்தென்று இறங்குகிறது. ஆனால் 'டொய்ங்' அப்படியே இருக்கிறது.

கோவையிலிருந்து ஆள் அனுப்பச் சொன்னேன், முடியாது என்றார்கள். அதே கம்பெனிக்குக் குன்னூரில் ஒரு சின்ன சர்வீஸ் கிளை இருக்கிறது. பெரிய வேலை அங்கே செய்வதில்லை என்று முதலில் தயங்கினார்கள். 'வேலை செய்ய வேண்டாம், ராத்திரி வண்டி இங்கே நிற்கட்டும், காலையில் நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டேன். ஜாப் கார்டில் நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்: எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, ஸ்டீயரிங் எந்த நிலையில், எந்த வேகத்தில்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் முன் அங்கே போய்விட்டேன். வண்டிக் கண்ணாடியெல்லாம் பனி. சின்ன வயசுப் பையன், ஸ்வெட்டருக்கு மேலே யூனிஃபார்ம் போட்டிருந்தான். பானெட்டைத் திறந்து இடது ஸ்ட்ரட் தலையில் இரண்டு விரலை வைத்தான், நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். ஒரு சுற்றுதான். சட்டென்று விரலை எடுத்துவிட்டு, 'அக்கா, இன்னொரு தடவை திருப்புங்க' என்றான். அப்புறம் அவனே போனில் வீடியோ எடுத்து கோவைக்கு அனுப்பினான். அந்தப் பையன் அக்கறையாகப் பார்த்த விதத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

மத்தியானத்துக்குள் கோவையிலிருந்து போன் வந்தது. இடது ஸ்ட்ரட் மவுண்ட்டும் பேரிங்கும் வாரண்டியில் மாற்றித் தருகிறார்களாம், பொருளுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள். வென்ட்டுக்கும் அதே நாளில் டேப் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? மாற்றிய பிறகு நான் என்ன பார்க்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் செல்வம்:

சந்தோஷம் கவிதா. இத்தனை புது வண்டியில் ஒரு பக்கம் மாற்றினால் போதும், ஆனால் வலது பக்கத்தையும் அதே மாதிரி காலைக் குளிரில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கட்டாயம் பார்க்க வேண்டும், அளவுகள் அச்சடித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சமதளத்தில் கையை லேசாக விட்டால் வண்டி நேராகப் போகிறதா, ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா என்று அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். பழைய மவுண்ட்டைக் கண்ணால் பார்க்கக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி என்பதால் கொடுக்க மாட்டார்கள், போட்டோ எடுக்க விடுவார்கள்.

ஊட்டி ஜோசப்:

ஜாப் கார்டு நகல், வீடியோ, அந்த 'சத்தம் இல்லை' என்ற பில், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். நாளைக்கு அவர்கள் இழுத்தடித்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியது கோவையில் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை போகாது என்று நினைக்கிறேன்.

கூடலூர் ரஷீத்:

கவிதா மேடம், டேப் ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். எனக்கு முதலில் சாதாரண ஸ்பாஞ்ச் டேப் ஒட்டிவிட்டார்கள், வெயிலில் பசை இளகி வழிந்தது. துணி மாதிரி இருக்கும் ஃபெல்ட்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.