உள்ளாட்சித் தேர்தலில் மனு போட்டவர்கள்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

எதிர்க்கடை ஜெராக்ஸ்

ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2019 டிசம்பரில் மனு வாங்கிய அந்த வாரம் முழுக்க உட்கார நேரமில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். தலைவருக்கு நின்றவர்கள், கவுன்சிலருக்கு நின்றவர்கள் எல்லாரும் மறந்துபோனார்கள். ஒரு வார்டு உறுப்பினர் மனு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீடு காலனியில். அவர் நின்றது பொது மகளிர் வார்டு. படிவத்தில் ஏதாவது திருத்தச் சொன்னால் தெரியாது என்று என்னையும் உள்ளே கூட்டிப் போனார். டெபாசிட் 200 ரூபாய். பட்டியல் சாதி என்றால் 100. உள்ளே இருந்த எழுத்தர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நூறு போதும்மா" என்றார். அக்கா இரண்டு நூறு ரூபாய் நோட்டையும் மேஜையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு, "பொது வார்டுதானே சார், மத்தவங்க கட்டுறதையே நானும் கட்டிடுறேன்" என்றார். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு 200 என்றே ரசீது போட்டார்.

பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டது. 19ஆம் தேதி வாபஸ் நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊர்ப் பெரியவர்கள் பைக்கில் வந்தார்கள், பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் அக்கா. "தம்பி, வாபஸ் லெட்டர் ஒண்ணு அடி" என்றார் ஒருவர். நான் அக்காவைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமாக்கா?" என்று கேட்டேன். பதில் பெரியவரிடமிருந்து வந்தது. "அதெல்லாம் பேசியாச்சு. அவங்களுக்குத்தான் ரிசர்வ் வார்டு தனியா இருக்குல்ல." அக்கா வாசல்படியை விட்டு உள்ளே வரவில்லை. கையெழுத்துக்கு மட்டும் வந்தார். மனுவில் போட்ட கையெழுத்து போலவே இருக்கிறதா என்று ஒருவர் நகலை வைத்து ஒத்துப் பார்த்தார்.

ஒரு வார்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள்தான். எல்லா வார்டும் போட்டியில்லாமல் அந்தப் பெரியவர்கள் கைக்கு வந்தால் அந்தக் கையெழுத்தும் வந்துவிடும். அந்தத் தேர்தலில் 27 மாவட்டங்களிலும் சேர்த்து 18,570 பதவிகள் போட்டியின்றி முடிந்தன, அதில் 18,137 வார்டு உறுப்பினர்கள் என்று பேப்பரில் வந்தது. ஆளே நிற்காத வார்டுகளும் அதில் இருக்கும், சரி. இந்த மாதிரி எத்தனை என்பதை யார் எண்ணினார்கள்?

ஆறாவது வார்டு (முன்னாள்)

படித்ததும் வயிறு எரிகிறது. அண்ணே, சம்மதமா என்று கேட்டீர்கள், அவர் வாயிலிருந்து பதில் வரவில்லை. அப்புறம் எதற்கு அடித்துக் கொடுத்தீர்கள்? "அவங்களே எழுதட்டும்" என்று சொல்லியிருக்கலாமே. மூன்று மணி தாண்டினால் வாபஸ் செல்லாது.

நானும் பெண்கள் வார்டில் நின்று ஜெயித்தவள்தான். மனு போட நான் போனேன். சின்னம் ஒதுக்கும் அன்று, "நீ எதுக்கு அலையுற" என்று வீட்டுக்காரர் போனார். பூட்டு சாவி கேள் என்று சொல்லி அனுப்பினேன், சீப்பு வாங்கி வந்தார். நோட்டீஸ் வந்தபோது அவர் படம் பெரிதாக மேலே, என் படம் ஸ்டாம்பு அளவில் கீழே. "ஓட்டுச் சீட்டுல யாரு பேரு இருக்கும்?" என்று கேட்டேன். அச்சகத்துக்காரர்தான் வாய் திறந்தார்: "அக்கா சொல்றது சரிதாண்ணே." வேறு நோட்டீஸ் அடித்தோம். அதற்கப்புறம் ஒரு கூட்டத்துக்கும் நான் இல்லாமல் அவர் போனதில்லை. தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததால்தான் என்னை நிறுத்தினார்கள், அது எனக்குத் தெரியும். நிறுத்தியபின் நான் எழுந்து நின்றேன்.

ஓய்வு பெற்றவன்

இருவர் எழுதியதையும் படித்தேன். நான் தேர்தல் பணியில் மனு வாங்கும் மேஜையில் உட்கார்ந்தவன். ஒரு பையன், 21 முடிந்து கொஞ்ச நாள் ஆனவன், தலைவர் பதவிக்கு மனு கொண்டுவந்தான். உறுதிமொழிப் படிவத்தில் சொத்து, கடன் என்ற இடங்களைக் காலியாக விட்டிருந்தான். "எங்கிட்ட ஒண்ணுமே இல்ல சார், என்னத்த எழுத?" என்றான். 'இல்லை' என்று எழுதச் சொன்னேன். வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தவன், வழக்கு விவரம் கேட்கும் இடத்திலும் அதையே எழுதிவிட்டு முதல்முறையாகச் சிரித்தான். அந்த முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இனி நிற்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் உள்ள ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் எப்போது அறிவித்தாலும் மனுவுக்குக் கிடைப்பது ஒரு வாரம்தான், அதனால் காகிதங்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் மனுவிலும் இருக்கட்டும். வார்டு உறுப்பினருக்கு நிற்பவர் அந்த ஊராட்சியில் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம், ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டில் ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். சொந்த அண்ணன்தானே என்று அடுத்த வார்டு ஆளைக் கூட்டிவந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டி ரசீதைக் கையில் வையுங்கள். ஊராட்சியில் காண்ட்ராக்ட் எடுத்து வேலை முடியாமல் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பரிசீலனையில் எதிராளி முதலில் தேடுவது அதைத்தான். பரிசீலனை நாளில் வீட்டில் இருக்காதீர்கள், நேரில் போங்கள். ஆட்சேபம் வந்தால் அங்கேயே பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். தோற்றவர்களும் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய் வரம்பு இருந்தது. ஐந்நூறு ரூபாய்தான் செலவு என்றாலும் எழுதிக் கொடுங்கள். கொடுக்காமல் விட்டு அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியை இழந்தவர்கள் உண்டு.

வாபஸ் பற்றி: கடிதம் ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. மிரட்டல் இருந்தால் அந்த அறையிலேயே, தேர்தல் அலுவலர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அந்த அம்மாவை யாராவது தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டிருக்க வேண்டியது அலுவலகத்துக்குள்ளேதான், ஜெராக்ஸ் கடையில் அல்ல.

எதிர்க்கடை ஜெராக்ஸ்

ஆறாவது வார்டு அக்காவுக்கு: நான் அடிக்காவிட்டால் பக்கத்துக் கடையில் ஐந்து நிமிட வேலை. அந்த அக்கா இரவு அதே ஊரில்தான் படுக்க வேண்டும். அவர்கள் வயலில்தான் வேலை, அவர்கள் பைப்பில்தான் தண்ணீர். "அறையிலேயே சொல்ல வேண்டும்" என்று ஐயா எழுதியிருக்கிறார். சொல்லிவிட்டு எந்தப் பஸ்ஸில் ஊருக்குப் போவது? மேலவளவில் ரிசர்வ் ஊராட்சியில் நின்று ஜெயித்த முருகேசனை 1997இல் பஸ்ஸை மறித்துத்தானே வெட்டினார்கள்? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்ற நான்கு ரிசர்வ் ஊராட்சிகளிலும் 1996 முதல் 2006 வரை ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. மனு போட ஆள் வராது, வந்து ஜெயித்தால் உடனே ராஜினாமா. அங்கேயும் அலுவலகமும் அறையும் இருக்கத்தான் செய்தன.

பாலாற்றங்கரை

எங்கள் வீட்டுக் கதை 2016. சித்தப்பா ஒன்றிய கவுன்சிலருக்கு மனு போட்டார். அக்டோபர் 3 கடைசி நாள், அன்றைக்குத்தான் போட்டார், நல்ல நேரம் பார்த்து. மறுநாள் சாயங்காலம் டிவியில் உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்துவிட்டது என்று ஓடுகிறது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை என்று வழக்கு. சித்தப்பா அப்போது திண்ணையில் உட்கார்ந்து சாமியானாக்காரருக்கு அட்வான்ஸ் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதை நிறுத்தவில்லை. எண்ணி முடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வேணாம், தேதி சொல்றேன்" என்றார்.

அந்தத் தேதி வரவேயில்லை. மற்ற மாவட்டங்களுக்காவது 2019இல் வந்தது. எங்கள் மாவட்டம் பிரிந்ததால் 2021 அக்டோபர் வரை இழுத்தது, அதற்குள் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. ஐந்து வருஷம் ஊரில் தண்ணீர்த் தொட்டி உடைந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றோம். பதவியை ஏலம் விடுவது, மிரட்டல் எல்லாம் கொடுமைதான், மறுக்கவில்லை. தேர்தலே நடக்காமல் போவதை மட்டும் ஏன் யாரும் கொடுமையாக எழுதுவதில்லை?

வலிகாமத்தான்

பாலாற்றங்கரை அண்ணைக்கு, இஞ்சையும் அதே கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2023 ஜனவரியில் பிரதேச சபைக்கு வேட்புமனு எடுத்தார்கள், தேர்தல் மார்ச் 9 என்று அறிவித்தார்கள். பிறகு காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் நின்றவர் ஒரு அரச உத்தியோகத்தர். மனுப் போட்டதோடு சம்பளமில்லாத லீவில் போக வேண்டும். தேர்தல் நடக்கவில்லை, வேட்பாளர் என்ற பெயரும் போகவில்லை, வேலைக்கும் திரும்ப முடியவில்லை. நாடு முழுக்க அப்படி நின்றவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஒருநாள் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்க வந்தவர். கடைக்காரர் தெரிந்தவர், "என்ன மெம்பர், எப்ப எலெக்சன்?" என்று வழக்கம்போலக் கேட்டார். இவர் கொப்பியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ, இந்த மாதம் வீட்டிலை சம்பளம் இல்லை" என்று மெல்லச் சொன்னார். கடைக்காரர் காசு வாங்காமல் கொப்பிகளைக் கட்டிக் கொடுத்தார். இவர் வாங்கவில்லை.

அந்த மனுக்களைப் பிறகு சட்டம் கொண்டுவந்து இரத்துச் செய்தார்கள். 2025 மார்ச்சில் புதிதாக மனு எடுத்து மே 6 வாக்களிப்பு. இந்த முறை பிறப்புச் சான்றிதழ் பிரதி சரியில்லை என்று எத்தனையோ பட்டியல்களை நிராகரித்தார்கள், நீதிமன்றம் போய்த்தான் சிலவற்றை மீட்டார்கள். ஓய்வு பெற்ற ஐயா சொன்னது எங்களுக்கும் பொருந்தும், காகிதத்தை முன்னமே ஆயத்தப்படுத்த வேண்டும். ஆனால் எங்கள் ஆள் இரண்டாம்முறை நிற்கவில்லை. கேட்கப் போனவர்களுக்கு அவர் மனுசி தேத்தண்ணி கொடுத்தார், கதையை மட்டும் எடுக்கவிடவில்லை.

பெயர் வேண்டாம்

என் அப்பா தலைவருக்கு நின்றபோது அவர் பெயரிலேயே இன்னொருவரை எதிர்த்தரப்பு நிறுத்தியது. இனிஷியல் மட்டும் வேறு. கொத்தனார், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். அப்பாவுக்கு ஏணி, அவருக்கு ஆட்டோ ரிக்‌ஷா. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் வயதானவர்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்டு ஓட்டுப் போடுவார்கள். இளஞ்சிவப்புச் சீட்டில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து வந்தன. அப்பா தோற்ற வித்தியாசத்தைவிட அந்தக் கொத்தனார் வாங்கிய ஓட்டு அதிகம்.

எண்ணிக்கை முடிந்த இரவு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கதவைச் சாத்தப் போனார், அப்பா தடுத்தார். "எங்கிட்ட பேரு மட்டும் போதும்னாங்க மாமா. அந்தப் பேரு எங்க தாத்தா வச்சது" என்று சொல்லிவிட்டு நின்றார். அப்பா உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. எவ்வளவு வாங்கினார் என்று அப்பா கேட்கவில்லை. நான் கேட்டேன். பெண்ணின் காலேஜ் பீஸ் என்றார்.

ஓய்வு பெற்ற ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரே பெயரில் இருவர் நின்றால் சீட்டில் தொழிலையோ முகவரியையோ சேர்த்து வேறுபடுத்தச் சொல்லிக் கேட்கலாமா? எந்த நாளில், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்? அப்பா மறுபடி நிற்கிறேன் என்கிறார், அந்தக் கொத்தனார்தான் முன்மொழிகிறேன் என்று வந்திருக்கிறார்.

ஓய்வு பெற்றவன்

கேட்கலாம். பரிசீலனை முடிந்து சின்னம் ஒதுக்குவதற்கு முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்பா அழைக்கப்படும் பெயர், தொழில் இரண்டையும் மனுவிலேயே குறிப்பிட்டுவிட்டால் கேட்பது இன்னும் சுலபம். முன்மொழிபவர் விஷயத்தில் எச்சரிக்கை: அவர் பெயர் பட்டியலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பாகம் எண், வரிசை எண் இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.