உள்முலைத் தமனியா, உள்மார்புத் தமனியா?

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

இதய அறுவைக் கையேட்டின் வரைவில் 'உள்முலைத் தமனி' என்று வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தின் 'இன்டர்னல் மம்மரி ஆர்ட்டரி'யையும் பிரெஞ்சின் 'ஆர்த்தேர் மமேர் எந்தேர்ன்'னையும் சொல்லுக்குச் சொல் எடுத்தால் அதுதான் கிடைக்கும். ஆனாலும் அது வேண்டாம். அந்தக் குழாய் காறையெலும்புக்கு அடியில் ஓடும் தமனியில் கிளைத்து, மார்பெலும்பின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் போலத் தள்ளி, விலாக் குருத்தெலும்புகளின் உட்பக்கமாக இறங்குகிறது. ஆறாவது விலாயிடைவெளியருகே இரண்டாகப் பிரிகிறது. மார்பெலும்புக்கும் விலாயிடைத் தசைகளுக்கும் வழியெல்லாம் கிளை கொடுக்கிறது. முலைக்குப் போவது மார்புச் சுவரைத் துளைத்து வரும் சில சிறு கிளைகள்தாம். அறுவைக்கு வரும் ஆண் 'எனக்கெதற்கு முலைத் தமனி?' என்று கேட்டால் தவறு அவரிடம் இல்லை.

அனைத்துலக உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியலில் அதன் லத்தீன் பெயர் 'ஆர்ட்டேரியா தொராசிகா இன்டர்னா'. மார்பென்று சொல்கிறதே தவிர முலையென்று சொல்லவில்லை. அக்குளில் கிளைக்கும் 'மேல்மார்புத் தமனி', 'பக்கமார்புத் தமனி' இரண்டோடும் சேர்த்து 'உள்மார்புத் தமனி' என்றால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

அடுத்தது 'ஒட்டு', அதாவது இதயத் தமனியின் அடைப்பைத் தாண்டி இரத்தம் போகத் தைக்கும் குழாய். காலிலிருந்து எடுக்கும் சிரைக்கு இரண்டு முனையும் வெட்டுப்பட்டவை. ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைக்கிறார்கள். உள்மார்புத் தமனியை வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. மேல்முனை பிறந்த இடத்திலேயே இருக்க, கீழ்முனையை மட்டும் அறுத்து, இதயத்தின் முன்புறம் இறங்கும் தமனியில் தைக்கிறார்கள். தாய்மரத்திலிருந்து வெட்டாமல் மாங்கிளையை நாற்றோடு சேர்த்துக் கட்டுவது போன்ற ஒட்டு. தோட்டத்தில் ஒட்டு பிடித்த பிறகு தாய்மரத்தை விட்டு வெட்டுவோம். இங்கே கடைசிவரை வெட்டுவதில்லை. அதனால் 'வேரறாத ஒட்டு' என்றும், சிரையை 'வேரறுத்த ஒட்டு' என்றும் சொல்லலாம். 1950இல் மாண்ட்ரியாலில் அறுவை மருத்துவர் வைன்பெர்க் இதே தமனியின் முனையை இதயத் தசைக்குள் புதைத்தார். தமனியோடு தமனியைத் தைக்கவில்லை. அதற்குப் 'பதியம்' என்ற தனிச்சொல்லை ஒதுக்கி வைப்போம். 1964இல் லெனின்கிராடில் அறுவை மருத்துவர் கொலெசோவ் இதயத் தமனியில் தைத்ததுதான் ஒட்டு.

எடுக்கும் முறை இரண்டு. சுற்றியுள்ள சிரை, தசைநார், கொழுப்போடு ஒரு பட்டையாக எடுத்தால் 'பட்டையெடுப்பு'. தமனியை மட்டும் தனியே பிரித்தால் 'உரித்தெடுப்பு'. ஒப்புக்கொண்டால் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.

போர்ட் லூயி

ஐயா, வணக்கம்.

உள்மார்புத் தமனியை முழுமனதாக ஏற்கிறேன். 'வேரறாத ஒட்டு' அதைவிடவும் பிடித்தது, ஏனென்றால் எங்கே பழுது வரும் என்பதையும் அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. வேர் காறையெலும்புக்கு அடியில் இருக்கிறது. அங்கே அடைப்பிருந்தால் தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்டுக்கு இரத்தம் வராது. இடக்கையை வேலைக்கு வீசும்போது இதயத்திலிருந்தே இரத்தம் பின்னோக்கி இழுபடவும் செய்யும். அறுவைக்கு முன் இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேலளவில் 15 மி.மீ. பாதரசத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இதைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

'உரித்தெடுப்பு' வேண்டாம் ஐயா. மருத்துவருக்கு அது சரி, நோயாளியின் மனைவி படித்தால் கலங்கிப்போவார். 'தனித்தெடுப்பு' என்போம். இந்தச் சொல் இங்கே அடிக்கடி தேவைப்படும். நம் தீவில் நீரிழிவு மிகுதி. இரு பக்கத் தமனியையும் பட்டையோடு எடுத்தால் மார்பெலும்புக்கு இரத்தம் குறைந்து, காயம் ஆறாமல் சீழ் பிடிக்கக்கூடும். தனித்தெடுத்தால் எலும்புக்கான பக்கவழிகள் கூடுதலாகத் தப்பும், நீளமும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் சூட்டுக்கருவி அருகே பட்டால் தமனிச்சுவர் கருகிப் பிளக்கும். கையாளும்போது இழுத்தால் சுருங்கிக்கொள்ளும். அதற்குத்தான் தமனியைத் தளர்த்தும் பாப்பாவெரின் மருந்தைத் தெளிக்கிறார்கள். இந்தச் சுருக்கத்துக்கு 'இசிவு' போதும், புதுச்சொல் வேண்டியதில்லை.

இந்த அறுவைக்கு வைத்த 'புறவழி' (பைபாஸ்) என்ற சொல்லில் எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே எல்லார் வாயிலும் 'பொந்தாஜ்'. பிரெஞ்சில் அது பாலம் போடுவது. 'பாலம் போட்டார்கள்' என்றால் பாட்டிக்கும் புரியும். அறுவைக்குப் பெயர் 'பாலம்', குழாய்க்குப் பெயர் 'ஒட்டு' என்று பிரித்துவிடலாமா?

ரோஸ் ஹில்

அம்மா, தனித்தெடுப்பு சரி. 'பாலம்' நோயாளிக் கையேட்டுக்கு மட்டும். கலைச்சொல் பட்டியலில் 'இதயத் தமனிப் புறவழி' இருக்கட்டும். பாலமென்றால் இரண்டு கரையிலும் புதிதாய்க் கால் ஊன்ற வேண்டும். சிரைக்கு அது பொருந்தும், வேரறாத ஒட்டுக்குப் பொருந்தாது. பத்து ஆண்டு கழித்தும் உள்மார்பு ஒட்டுகளில் பத்துக்கு ஒன்பது திறந்திருக்கின்றன, சிரை ஒட்டுகளில் ஏறக்குறைய பாதிதான். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் 'எனக்கு எது வைத்தார்கள்?' என்று கேட்கத் தோன்றாது.

திருத்திய வரி இது: 'உங்கள் இடது உள்மார்புத் தமனியை வேரறாத ஒட்டாக இதயத்தின் முன் இறங்கு தமனியில் தைப்பார்கள்; மற்ற அடைப்புகளுக்குக் காலின் சிரையை ஒட்டுவார்கள்.' பிரெஞ்சு வழிப் படித்தவர்கள் முன் இறங்கு தமனியை 'ஈ.வே.ஆ.' என்று சுருக்கிச் சொல்வார்கள். அடைப்புக்குறிக்குள் அதையும் போடட்டுமா?