பெருநாள் காசை எடுத்தது தப்பா?

கடற்கரைத்தெரு உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகனுக்கு 13 வயது. நோன்புப் பெருநாளைக்கு மாமி, சாச்சா, பெரியவாப்பா என்று எல்லாரும் கொடுத்த காசு சேர்ந்து 6,200 ரூபாய். பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோ மேலே வைத்திருந்தான். கியர் சைக்கிள் வாங்கணுமாம். போன மாதம் சவூதியில், தம்மாமில் வேலை செய்யும் அவன் வாப்பாவுக்குச் சம்பளம் தள்ளிப்போனது. கேஸ் சிலிண்டர், ஸ்கூல் வேன் காசு, மளிகை பாக்கி என்று அதிலிருந்து எடுத்துவிட்டேன். பணம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் எண்ணிப் பார்த்துவிட்டான்.

ராத்திரி வாப்பா ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கும்போதே “உம்மா திருடிட்டாங்க” என்று கத்தினான். அவர் அங்கிருந்து, “நீயும் உன் காசும் வாப்பாவுக்குத்தான்னு நபி சொன்ன ஹதீஸே இருக்கு” என்றார். அவ்வளவுதான், டப்பா சுவரில் போய் விழுந்தது. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. தப்பு யார்மேல்?

பழைய வாத்தியார்:
பிள்ளைமேல்தான். பெற்றவர்களை ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்கிறது குர்ஆன் 17:23. இவன் திருடி என்கிறான்! இன்னொன்று, சம்பளம் வரவில்லை, பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் பிள்ளை காதில் விழவே கூடாது. அப்புறம் புத்தகத்தில் மனம் நிற்காது.

மூலைக்கடை:
வாத்தியார் பாய், 23-இல் ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அதே சூராவில் (அத்தியாயத்தில்) 34-ஐயும் ஓதுங்கள். அநாதைப் பிள்ளையின் சொத்தை நல்ல முறையில் அல்லாமல் நெருங்காதீர்கள் என்று வருகிறது.

பழைய வாத்தியார்:
அவன் அநாதையா? வாப்பா தம்மாமில் உயிரோடுதானே இருக்கிறார்?

மூலைக்கடை:
அல்ஹம்துலில்லாஹ், இருக்கட்டும். சின்னப் பிள்ளையின் காசு என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்குச் சொன்னேன். அவர் சொன்ன ஹதீஸ் இப்னு மாஜா ஹதீஸ் தொகுப்பில் இருப்பதுதான். ஆனால் மகன் காசு முழுவதும் வாப்பாவின் சொந்தம் என்று அதற்குப் பொருள் எடுத்தால் வாரிசுரிமை இடிக்கும். மகன் பிள்ளைகளை விட்டுவிட்டு மௌத்தானால், அவன் சொத்தில் வாப்பாவுக்கு ஆறில் ஒரு பங்கு என்கிறது 4:11. எல்லாமே அவருடையது என்றால் ஆறில் ஒன்று எதற்கு? தேவைப்பட்டால் எடுக்கலாம், அது வேறு. சொல்லாமல் எடுத்ததுதான் இங்கே சண்டை.

நோன்புக்கஞ்சி:
உம்மா எடுத்ததில் தப்பே இல்லை. நபி காலத்துப் பெண்மணி ஹிந்த் அவர்கள் வந்து, கணவர் அபூசுஃப்யான் கஞ்சத்தனமாக இருக்கிறார் என்றபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமாக எடுத்துக்கொள் என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது.

மூலைக்கடை:
ஹிந்த் எடுத்தது புருஷன் காசில். மகன் டப்பாவில் இல்லை.

மண்ணடி வியாபாரி:
சட்டம் இருக்கட்டும், முதலில் சத்தத்தை அடக்குங்கள். நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்காரச் சொல்கிறது ஹதீஸ். அப்படியும் தணியாவிட்டால் படுக்கச் சொல்கிறது. ஸ்பீக்கரில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் உட்காருவது? போனை வைத்துவிட்டு மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு பேசியிருக்கலாம்.

அப்புறம், கடனை எழுதிவைக்கச் சொல்லும் 2:282-தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். என் கடையில் நான் கல்லாவில் 200 ரூபாய் எடுத்தாலும் சீட்டு எழுதிப் போடுவேன். பிள்ளையிடம் வாங்கினதற்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்.

பழைய வாத்தியார்:
பெற்ற பிள்ளைக்குக் கடன் சீட்டா? நாளைக்குச் சோற்றுக்கும் பில் போடுவான். பார்த்துக்கொண்டே இருங்கள்.

மண்ணடி வியாபாரி:
சோறு போடுவது வாப்பாவின் கடமை பாய். அதற்கு பில் கிடையாது. பெருநாள் காசு அவனுக்கு வந்த ஹதியா, அன்பளிப்பு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் எந்தக் கடையும் நிற்காது.

கடற்கரைத்தெரு உம்மா:
நேற்று அஸருக்குப் பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினோம். “கேட்காமல் எடுத்தது என் தப்பு” என்றேன். பழைய காலண்டர் தாளின் பின்னால், எடுத்தது 6,200, மாதம் 1,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிரிக்கவில்லை. தேதி போடச் சொன்னான். ‘திருடி’க்கு மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை.

பழைய வாத்தியார்:
அதை விடக்கூடாது, கேட்க வையுங்கள். சரி, சிலிண்டர் என்ன விலை, வேனுக்கு எவ்வளவு என்றாவது அவனிடம் சொன்னீர்களா?

மூலைக்கடை:
இது பிள்ளை காதில் விழவே கூடாது என்றவர் கேட்கிற கேள்வியா?

கடற்கரைத்தெரு உம்மா:
எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சைக்கிள் வாங்கிட்டா வேன் காசு மிச்சம்தானே உம்மா” என்றான். மூன்று நாளைக்கு அப்புறம் ‘உம்மா’ என்றது அப்போதுதான். இன்றைக்கு இஷாவுக்குப் பிறகு வாப்பா போன் பண்ணுவார். ஸ்பீக்கர் போடாமல் அவன் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன்.