போதைப்பொருள் வழக்குகளும் அமெரிக்கக் காவலரின் சோதனை அதிகாரமும்

இளங்கதிர்:
அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரது உடலையும் வீட்டையும் உடைமைகளையும் தகுந்த காரணமின்றிச் சோதனையிடலாகாது என்று 1791 முதல் அது சொல்லி வருகிறது. ஆனால் அதற்குப் பொருள் கூறும் தீர்ப்புகளைப் புரட்டினால், கொலை வழக்குகளைவிடக் கஞ்சா, கொக்கைன் வழக்குகளே அதிகம் கண்ணில் படுகின்றன. இது ஏன்? இவற்றால் காவலரின் கை நீண்டதா, குறுகியதா?

ஆலமரத்தடி:
திருட்டு நடந்தால் பறிகொடுத்தவர் புகார் கொடுப்பார். போதைப்பொருளிலோ விற்றவரும் வாங்கியவரும் வாய் திறப்பதில்லை; பையையும் காரையும் துழாவினால்தான் வழக்கே பிறக்கும். சிக்கிய பொட்டலமே பெரும்பாலும் முழு ஆதாரம் என்பதால், முறைகேடான சோதனையில் கிடைத்த சான்று செல்லாது என்னும் விதிதான் (1961இல் மாப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு அதை மாநில நீதிமன்றங்களுக்கும் கட்டாயமாக்கியது) குற்றம் சாட்டப்பட்டவருக்கு முதன்மையான கேடயம்.

கை நீண்டது என்பதே என் கணிப்பு. நீதிபதி வழங்கிய சோதனை ஆணையில் பிழை இருந்தாலும் அதைக் காவலர் நல்லெண்ணத்துடன் நம்பிச் செயல்பட்டிருந்தால் சான்று செல்லும் என்றது 1984ஆம் ஆண்டின் லியோன் தீர்ப்பு. வேலியிட்ட கொல்லையில் வளர்ந்த கஞ்சாவை 1,000 அடி உயரத்தில் விமானத்திலிருந்து பார்த்தது சோதனையே அல்ல, ஆகவே ஆணை தேவையில்லை என்றது 1986ஆம் ஆண்டின் சிரோலோ தீர்ப்பு. 1996இல் ரென் வழக்கில், போக்குவரத்து விதி மீறப்பட்டிருந்தால் போதும், காவலரின் உள்நோக்கம் எதுவாயினும் காரை நிறுத்தலாம் என்றார்கள். விதி எதையும் மீறாமல் ஒரு மணி நேரம் கார் ஓட்டுபவர் எத்தனை பேர்?

தாழ்வாரம்:
பாதிதான் சரி, நண்பரே. 1948இல் சியாட்டில் விடுதியறை ஒன்றிலிருந்து அபின் வாசனை வந்ததென்று உள்ளே புகுந்த காவலர்களிடம், அந்த முடிவை எடுக்க வேண்டியவர் குற்றத்தைத் துப்பறியும் முனைப்பில் இருப்பவரல்லர், நடுநிலை வகிக்கும் நீதிபதியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரிகான் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் ஊரில், கஞ்சா வளர்க்கும் விளக்குகளின் வெப்பத்தைத் தெருவில் நின்றபடியே கருவி கொண்டு அளந்ததும் சோதனைதான் என்று 2001இல் கைலோ வழக்கில் தீர்ப்பானது. 2013இல் ஹார்டைன்ஸ் வழக்கில், வீட்டு வாசலுக்கு மோப்ப நாயைக் கூட்டிவந்ததையும் அவ்வாறே கொண்டார்கள். ஜோன்ஸ் வழக்கு இன்னும் சுவையானது. 10 நாள் கெடுவிட்ட ஆணையை வைத்துக்கொண்டு, 11ஆம் நாள், அதுவும் ஆணை செல்லாத மேரிலாந்தில், காரின் அடியில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி 28 நாள் பின்தொடர்ந்தார்கள். அது சோதனையே என்பதில் 2012இல் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டனர்.

ஆலமரத்தடி:
நீங்கள் காட்டியவற்றில் பெரும்பாலானவை வீட்டு நிலைப்படியில் நிற்பவை. அதே நாய் சாலையில் நிறுத்தப்பட்ட காரை முகர்ந்தால் அது சோதனையல்ல என்று 2005இல் கபாயஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்காக வண்டியைக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கக் கூடாது என்ற வரம்பு 2015இல்தான் வந்தது. மேலும், இவ்வழக்குகள் அனைத்திலும் ஏதோ ஒன்று சிக்கியிருக்கிறது. ஒன்றும் சிக்காமல் அனுப்பிவைக்கப்பட்டவர் இந்தத் தீர்ப்புகளில் இடம்பெறுவதே இல்லை.

இளங்கதிர்:
பல மாநிலங்களில் கஞ்சா இப்போது சட்டப்படி செல்லுமே. பிறகு நாயின் மோப்பத்துக்கு என்ன மதிப்பு?

தாழ்வாரம்:
அங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. சட்டவிரோதப் பொருளை மட்டுமே நாய் காட்டிக்கொடுக்கும், அதை ஒளிப்பதில் எவருக்கும் நியாயமான அந்தரங்கம் இல்லை என்பதே கபாயஸ் தீர்ப்பின் அடித்தளம். 2019இல் கொலராடோவில் 21 வயது நிரம்பியவர் ஓர் அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருக்கலாம் என்றிருந்தது. மோப்பம் பிடித்த நாயோ கஞ்சாவுக்கும் கொக்கைனுக்கும் ஒரே குறிப்பைத்தான் காட்டும். ஆகவே, கஞ்சாவுக்கும் பழக்கிய நாயைக் கொண்டு காரை முகரச் செய்வதும் அம்மாநில அரசமைப்பின்படி சோதனையே, அதற்கு முன்பே தகுந்த காரணம் இருந்தாக வேண்டும் என்று 2019இல் மெக்நைட் வழக்கில் கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாயின் பெயர் கிலோ.