வயிற்றைக் கெடுத்தது எது? தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து அனுபவங்கள்

டொங்காட் மருமகள்:
2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டேங்கர் லாரி வந்தால் தெருவே வாளியோடு ஓடும். அப்போது அத்தை வீட்டில் முதலில் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் கழித்து அவன் அம்மா, பிறகு தாத்தா. எல்லாரும் டேங்கரைத்தான் திட்டினார்கள். நாங்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தோம், எங்களுக்கு ஒன்றுமில்லை. ஒரே வித்தியாசம், நாங்கள் குறுகிய வாய் கேனில் பிடித்துச் சாய்த்து ஊற்றுவோம். அங்கே வாய் அகன்ற டிரம், ஆளாளுக்குச் செம்பு விட்டு மொள்வார்கள். அதுதான் காரணமா?

சாட்ஸ்வொர்த் தம்பி:
எங்கள் உறவில் ஒரு காரியத்துக்குக் காலையிலேயே பெரிய டெக்சியில் சோறு வடித்து மூடி வைத்திருந்தார்கள். மதியம் டாலும் பீன்ஸ் கறியும். மூன்று மணி நேரத்தில் பலருக்கு வாந்தி. டால் புளித்துவிட்டது என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

எம்பாங்கேனி அக்கா:
எம்பாங்கேனிப் பக்கம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயிறு கெட்டால் எல்லாரும் கடைசியாகத் தின்றதைச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது, சாப்பிட்டு எத்தனை மணி நேரமாயிற்று என்பதை.

தம்பி, எனக்குச் சந்தேகம் சோற்றின் மேல்தான். பசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர், அதாவது ஓடு போட்டு உறங்கும் விதை, கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். டால் பாவம்.

டொங்காட் தங்கை, தண்ணீரே மூலம் என்றால் குடித்தவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழுந்திருப்பார்கள், உங்கள் வீடும் சேர்த்து. நாள் தள்ளி ஒருவர்பின் ஒருவர் என்றால் பெரும்பாலும் கைவழிப் பரவல். கக்கூஸ் போய்விட்டுச் சரியாகக் கழுவாத கை டிரம்முக்குள் போனால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸில் இருபதுக்கும் குறைவான துகள்களே ஒருவரை வீழ்த்தும். அதற்கு சானிடைசர் சரிப்படாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். குழாய் வறண்ட ஊரில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள், அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இதற்கெல்லாம் நேர்மாறு. சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். இரண்டு மாதத்துக்கு முன் தின்ற பொலோனி (பதப்படுத்திய இறைச்சி) யாருக்கு நினைவிருக்கும்? ஃபிரிட்ஜ் குளிரிலும் அது வளரும், கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் தேடிப் பிடிக்கும். 2017-18இல் நம் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்து, இருநூறுக்கு மேல் இறந்தார்கள். நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணுவைப் பொலோனி ஆலையில் கிடைத்ததோடு ஒப்பிட்டுத்தான் 2018 மார்ச்சில் மூலத்தை அறிவித்தார்கள்.

காலராவை நான் கண்ணால் பார்த்தேன். 2000 ஆகஸ்டில் எங்கள் பக்கம்தான் தொடங்கியது. இலவசமாக வந்த குழாய்த் தண்ணீருக்குக் காசு கேட்டதும், இல்லாதவர்கள் ஓடைக்குப் போனார்கள். மாகாணம் முழுக்க லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. கஞ்சித் தண்ணீர்போல் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். காலரா நஞ்சு குடல் செல்லிலிருந்து உப்பை வெளியே தள்ளும், பின்னாலேயே உடம்பின் தண்ணீர் போய்விடும். ஆனால் சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உள்ளே ஏறும் வழியை அந்த நஞ்சு தொடுவதில்லை. அதனால்தான் உப்புசர்க்கரைக் கரைசலும் சலைனும் கொடுத்து, நூற்றுக்கு 99 பேருக்கு மேல் பிழைக்க வைத்தோம்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கண் குழிந்தாலோ, மூத்திரம் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

டொங்காட் மருமகள்:
நன்றி அக்கா. கேன் தண்ணீரில் ஜிக் (துணி வெளுக்கும் பிளீச்) ஊற்றலாமா? எவ்வளவு?

எம்பாங்கேனி அக்கா:
வாசனை சேர்க்காத ஜிக், 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். ஊற்றிக் கலக்கி, மூடி, இரண்டு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம்.